ஒலிக்கருவிகளின் மூப்பும் செப்பமும்

நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஒலிநாடாக் கருவியொன்று இன்று பாடாமல் கிடந்தால், அதன் மின்னணுவியல் முதிர்ந்துவிட்டது என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். மூடியைக் கழற்றி ஒவ்வோர் உறுப்பாக அளந்து பார்த்தால் வேறோர் உண்மை வெளிப்படும். சிலிக்கன் திரிதடையங்களும் தொகுப்புச் சுற்றுகளும் பெரும்பாலும் செய்த நாளில் இருந்தவாறே இருக்கும். மின்தடையங்கள் தம் மதிப்பிலிருந்து சிறிதளவே விலகியிருக்கும். மின்மாற்றி, செப்புச் சுருள்கள், இரும்புச் சட்டம் யாவும் நலமாக இருக்கும். கெட்டிருப்பவை எவை? இழுபட்டையின் ரப்பர், மின்தேக்கிக்குள் இருந்த நீர்மம், ஒலிபெருக்கி விளிம்பின் நுரைப்பஞ்சு, பற்சக்கரங்களில் தடவிய கிரீஸ், ஒலிநாடாவின் பின்னே நின்ற சிறு மெத்தையைப் பிடித்திருந்த பசை. ஈரமுள்ள பொருள்களிலும் நெகிழும் பொருள்களிலும் மெல்ல நிகழும் வேதிவினைகளே இக்கருவிகளின் மூப்பு. இதனை உணர்ந்தவருக்கு, எதைத் தொட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்பது தெளிவாகிவிடும். இன்று பரணில் ஏற்றப்பட்டும் பழைய பொருள் வாங்குவோரிடம் எடைக்கு இடப்பட்டும் மறையும் கருவிகளில் பல, சிறு செலவில் மீளக்கூடியவை என்பதும் விளங்கும்.

சிலிக்கன் ஏன் எளிதில் மூப்படைவதில்லை? அது ஒரு படிகம். அதன் அணுக்கள் வலிய பிணைப்புகளால் தத்தம் இடங்களில் கட்டுண்டு நிற்கின்றன. அறை வெப்பநிலையில் அவை இடம்பெயர்தல் மிக அரிது. மேற்பரப்பில் படரும் சிலிக்கன் ஆக்சைடு கண்ணாடியின் இனத்தைச் சேர்ந்தது. அது படிகத்தைக் காத்து நிற்கிறது. மிகை மின்னோட்டமோ, மின்னலோ, அளவு கடந்த சூடோ தாக்கினாலன்றி அது கெடுவதற்குக் காரணம் குறைவு. 1947ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தில் பிறந்த முதல் திரிதடையம் ஜெர்மேனியத்தால் ஆனது. 1960களின் வானொலிப் பெட்டிகள் பலவற்றிலும் ஜெர்மேனியமே இருந்தது. அக்காலத்து ஏஎஃப்114 முதல் ஏஎஃப்117 வரையிலான வரிசை விந்தையான முறையில் கெடுகிறது. உலோகக் கூட்டின் உட்புறத்தில் பூசிய வெள்ளீயத்திலிருந்து, மயிரிழையினும் மெல்லிய உலோக இழைகள் ஆண்டுக்கணக்கில் தாமாகவே வளர்ந்து, உள்ளிருக்கும் மின்முனையைக் கூட்டுடன் இணைத்துவிடுகின்றன. ஆங்கும் குறைகடத்தி குற்றமற்றது. அதனைச் சூழ்ந்த பூச்சே பழுதுக்குக் காரணம். கூட்டுடன் இணைந்த நான்காம் காலை வெட்டிவிட்டால் பல வானொலிகள் மீண்டும் பேசத் தொடங்குகின்றன.

மூப்பின் தலையாய இருப்பிடம் மின்பகுளி மின்தேக்கி. கடைகளில் கண்டன்சர் என்று கேட்டால், சிறு உருளை வடிவில் கையில் தருவார்களே, அதுதான். அதன் அலுமினியக் குப்பிக்குள் இரண்டு அலுமினியத் தகடுகளும், இடையே நீர்மத்தில் ஊறிய காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டுள்ளன. காகிதமே மின்காப்பு என்று எண்ணத் தோன்றும். மெய்யான மின்காப்பு ஒரு தகட்டின் மேல் மின்வேதி முறையில் வளர்க்கப்பட்ட அலுமினிய ஆக்சைடுப் படலம். ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 1.4 நானோமீட்டர் வீதம் அது வளர்கிறது. 25 வோல்ட் தாங்கும் மின்தேக்கியில், பாதுகாப்புக்காகச் சற்று மிகையாக வளர்த்தாலும், அதன் தடிமன் 50 நானோமீட்டர் அளவிலேயே நின்றுவிடும். தகட்டின் மேற்பரப்பை அமிலத்தால் அரித்து எண்ணற்ற நுண்குழிகளாக்கி, பரப்பை நூறு மடங்குவரை பெருக்குகின்றனர். மெல்லிய படலமும் பெரும்பரப்பும் சேர்வதால்தான் விரல்நுனி அளவான குப்பிக்குள் ஆயிரம் மைக்ரோஃபாரட் அடங்குகிறது. அந்நுண்குழிகளின் ஆழம்வரை சென்று தொட்டு நிற்பது நீர்மம் ஒன்றே. மின்னழுத்தம் இருக்கும்போது படலத்தில் விழும் சிறு குறைகளை அடைத்துச் செப்பனிடுவதும் அந்நீர்மமே. ஆதலின் இம்மின்தேக்கியின் உயிர் அதன் ஈரத்தில் இருக்கிறது.

குப்பியின் அடியை மூடியிருப்பது ரப்பர் அடைப்பான். அதன் வழியே நீர்மம் ஆவியாகச் சிறிது சிறிதாகக் கசிந்து வெளியேறுகிறது. இவ்வினையின் விரைவு வெப்பத்தைப் பொறுத்தது. வெப்பநிலைக்கும் வேதிவினையின் விரைவுக்கும் உள்ள தொடர்பை 1889இல் சுவீடன் நாட்டு அறிஞர் அரீனியஸ் சமன்பாடாக வடித்தார். அதனைத் தழுவிப் பொறியாளர் கைக்கொள்ளும் எளிய விதி: வெப்பநிலை 10 பாகை குறைந்தால் ஆயுள் இருமடங்காகும். 85 பாகையில் 2,000 மணி நேரம் என்று குறித்த மின்தேக்கி, 45 பாகையில் அதனினும் பதினாறு மடங்கு, அதாவது 32,000 மணி நேரம் உழைக்கும். நாள்தோறும் 3 மணி நேரம் இயங்கும் கருவிக்கு அது ஏறத்தாழ 29 ஆண்டு. அதே கருவியைக் காற்றோட்டமற்ற கண்ணாடி அலமாரிக்குள் அடைத்து, மேலே பூவேலைத் துணியும் போர்த்தி, உள்வெப்பத்தை 55 பாகைக்கு உயரவிட்டால், ஆயுள் 16,000 மணிக்குச் சுருங்கும். 15 ஆண்டுகூட நிறையாது. கருவியின் பின்புறத்திலும் மேற்புறத்திலும் உள்ள துளைகளை மறைக்காமலிருப்பது எளிய செயல். எந்தப் பழுதுபார்ப்பாலும் ஈடுசெய்ய இயலாத பயனை அது தருகிறது. சித்திரை வெயிலில் அறையே 38 பாகையைத் தொடும் நம் ஊர்களில் இதனை மறக்கலாகாது.

ஈரம் வற்றிய மின்தேக்கி இரண்டு வழிகளில் தன்னை வெளிப்படுத்துகிறது. முதலாவது, ஒலிபெருக்கியில் ஓயாத உறுமல். நம் மின்வழங்கலின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ்; முழு அலையும் திருத்தப்பட்டபின் அது 100 ஹெர்ட்ஸ் துடிப்பாகிறது. அத்துடிப்பைச் சமன்செய்ய வேண்டிய மின்தேக்கி தளர்ந்தால், அதுவே செவியில் விழுகிறது. ஒலியளவைக் குறைத்தாலும் உறுமல் குறையாவிடில், மின்வழங்கிப் பகுதியின் பெரிய மின்தேக்கியை முதலில் ஐயுறலாம். இரண்டாவது வெளிப்பாடு நுட்பமானது. மின்தேக்கத் திறனை அளக்கும் கருவி, 100 மைக்ரோஃபாரட் என்று எழுதிய உறுப்பில் 90 என்று காட்டும். நன்றாக இருக்கிறது என்று நாம் கடந்துவிடுவோம். அதன் உள்தடையோ ஓர் ஓமுக்குக் குறைவாக இருக்க வேண்டியது, பல ஓம்களுக்கு ஏறியிருக்கும். பழுதுபார்ப்போர் இ.எஸ்.ஆர். மீட்டர் என்னும் தனிக் கருவியை வைத்திருப்பதற்கு இதுவே காரணம். மின்தேக்கியைப் பலகையிலிருந்து கழற்றாமலேயே அதன் உள்தடையை அது அளந்துவிடும். பழைய கருவிகளைச் செப்பனிட விரும்புவோர் முதலில் வாங்கத்தக்க கருவி இது என்பது என் துணிபு.

1980களின் இறுதியிலும் 1990களிலும் வந்த கையடக்க ஒளிப்பதிவுக் கருவிகளில் சிக்கல் இன்னும் கடுமையானது. அவற்றில் பலகையின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும் குட்டி மின்தேக்கிகள் பல இருந்தன. அவற்றில் சிலவகையின் மின்பகுளி, ரப்பர் அடைப்பானை அரித்து வெளியேறிச் செப்புத் தடங்களையும் தின்றுவிடுகிறது. பற்றவைப்புக் கோலைப் பலகையில் வைத்ததும் எழும் மீன்வாடை அதன் அடையாளம். அத்தகைய பலகையில் புதிய மின்தேக்கியைப் பொருத்துவதற்கு முன் பழைய நீர்மத்தை முற்றாகக் கழுவித் துடைக்க வேண்டும்; இல்லையேல் அரிப்பு தொடரும்.

இவ்விடத்தில் ஒரு கருத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பழைய கருவி கையில் கிடைத்தவுடன் அதிலுள்ள மின்தேக்கிகள் அனைத்தையும் களைந்து புதியன பொருத்தும் வழக்கம் இன்று பரவியிருக்கிறது. அது ஆர்வத்தால் எழும் செயல். ஆனால் அளவின்றிச் செய்தால் தீங்கு. ஒவ்வொரு முறை பற்றவைப்பை உருக்கும்போதும் பழைய பலகையின் செப்புத் தடம் பலகையை விட்டு உரிந்துபோகலாம். ஐம்பது உறுப்புகளை ஒரே மூச்சில் மாற்றியபின் கருவி பேசாவிட்டால், பழைய பழுது எது, நாம் புகுத்திய பழுது எது என்று பிரித்தறிய முடியாது. அளந்து, கெட்டதை மட்டும் மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் இயக்கிப் பார்ப்பதே அறிவியல் நெறி. கசியும் இயல்புடையவை என்று அறியப்பட்ட வகைகள் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றை அளக்காமலே அகற்றலாம்.

பல்லாண்டு உறங்கிய கருவியை நேரே மின்னிணைப்பில் செருகுதல் தவறு. மின்னழுத்தமின்றிக் கிடந்த காலத்தில் ஆக்சைடுப் படலம் நலிந்திருக்கும். திடீரென முழு மின்னழுத்தம் பாய்ந்தால் மிகை மின்னோட்டம் கசிந்து, குப்பி சூடேறி வெடிக்கக்கூடும். இதற்கு நம் பழுதுபார்ப்போர் கண்ட வழி சீரிஸ் பல்பு. 100 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கருவியுடன் தொடராக இணைக்கின்றனர். எரியும்போது அவ்விளக்கின் தடை 529 ஓம். குளிர்ந்த நிலையில் அதனுள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கருவியில் பழுதில்லையெனில் மின்னோட்டம் சிறிது. இழை குளிர்ந்தே இருந்து மின்னழுத்தத்தைக் கருவிக்கு விட்டுக்கொடுக்கும். உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் இழை பளீரென எரிந்து, மின்னோட்டத்தை அரை ஆம்பியருக்குள் கட்டிவிடும். டங்ஸ்டன் இழையின் தடை வெப்பத்தோடு ஏறும் என்னும் பாடநூல் உண்மை இங்கே காவலனாக நிற்கிறது. எல்.இ.டி. விளக்கால் இது இயலாது. குண்டு பல்புகள் கடைகளில் அருகிவரும் இந்நாளில், ஒன்றிரண்டை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

தற்காப்பைப் பற்றியும் இங்கேயே கூறிவிட வேண்டும். 230 வோல்ட் மின்வழங்கலின் உச்சமதிப்பு 325 வோல்ட். மின்மாற்றி இல்லாமல் நேரடியாகத் திருத்தும் கருவிகளில் அவ்வழுத்தம், செருகியைப் பிடுங்கிய பின்னும் பெரிய மின்தேக்கியில் தங்கியிருக்கும். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் பலவற்றில் உலோகச் சட்டமே மின்னோட்டத்தோடு இணைந்திருக்கும்; இருமுனைச் செருகியைத் திருப்பிச் செருகினால் சட்டம் முழுதும் உயிர்க்கம்பியாகிவிடும். வண்ணப் படக்குழாயின் நேர்முனையில் 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் நிலவுகிறது. அக்கண்ணாடிக் குழாய் தானே ஒரு மின்தேக்கியாகி மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கிறது. இதில் பயிற்சியில்லாதோர் படக்குழாய்ப் பெட்டியைத் திறக்கவே கூடாது. ஒலிநாடாக் கருவியில் தொடங்கிப் பழகுவதே முறை. மின்கலத்தால் இயங்கும் கருவியாயின் இன்னும் நல்லது.

இனி ரப்பர். 1839இல் சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதி பெறுவதைக் கண்டார். நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளைக் கந்தக அணுக்கள் குறுக்கே பிணைக்கின்றன. இழுத்து விட்டால் மீண்டு வரும் இயல்பு அப்பிணைப்புகளால் வருவது. காற்றின் ஆக்சிஜனும் ஓசோனும் அச்சங்கிலிகளை ஓயாது தாக்குகின்றன. சில ரப்பர்களில் புதிய குறுக்குப் பிணைப்புகள் பெருகி அவை இறுகி வெடிக்கின்றன. சிலவற்றில் சங்கிலிகள் அறுந்து அவை இளகுகின்றன. பாலியூரித்தேன் வகைப் பட்டைகளைக் காற்றின் ஈரமே பகுத்துவிடுகிறது. பழைய கருவியைத் திறக்கும்போது, இழுபட்டை இருந்த இடத்தில் கருந்தார் வழிந்து சக்கரமெங்கும் ஒட்டிக்கிடப்பதைக் காண்பது இதனால்தான். ஐசோபுரோப்பைல் ஆல்ககாலில் நனைத்த துணியால் அதனைப் பொறுமையாகத் துடைத்தெடுக்க வேண்டும். சக்கரத்தின் பள்ளத்தில் துளி தங்கினாலும் புதிய பட்டை அங்கே துள்ளும். பழைய பட்டையின் அளவு கிடைக்காதபோது, சக்கரங்களைச் சுற்றி ஒரு நூலை ஓட்டி அளந்து, அதனினும் 5 முதல் 10 விழுக்காடு குறைவான சுற்றளவுள்ள பட்டையைத் தேர்ந்தால் பொருந்தும். மிக இறுகிய பட்டை மோட்டாரின் தாங்கியைத் தேய்த்துவிடும், தளர்ந்தது வழுக்கும்.

வழுக்கும் பட்டையைச் செவியே காட்டிக்கொடுக்கிறது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய கேசட்டில், 3.81 மில்லிமீட்டர் அகலமுள்ள நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. இவ்வேகத்தைக் காப்பது கேப்ஸ்டன் என்னும் மெல்லிய எஃகுத் தண்டும், நாடாவை அதன்மேல் அழுத்தும் ரப்பர் உருளையும். வேகம் ஏறி இறங்கினால் சுருதியும் ஏறி இறங்கும். விநாடிக்கு 4 முறை அளவில் நிகழும் ஏற்றத்தாழ்வே மனிதச் செவிக்கு மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. தாளக்கருவிகள் நிறைந்த திரைப்பாடலில் இக்குறை மறைந்துவிடும். தம்புராவின் தொடர் சுருதியிலோ, வீணையில் நீண்டு நிற்கும் ஒரு தனி ஒலியிலோ அது மறைய வழியில்லை. ஆதலின் செப்பனிட்ட கருவியைச் சோதிக்க ஆலாபனை உள்ள ஒலிநாடாவை விடச் சிறந்தது எதுவுமில்லை.

ஓடாமல் நெடுநாள் கிடக்கும் பட்டை, சக்கரத்தின் வளைவையே தன் வடிவாகக் கொண்டுவிடுகிறது. சுழலும்போது அந்த வளைவு வரும்தோறும் வேகம் குலுங்கும். திங்களுக்கு ஒருமுறையேனும் கருவியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டால் இது தவிர்க்கப்படும், கிரீஸும் இறுகாது.

கருவி ஓடுகிறது, ஆனால் ஒலி மங்கியிருக்கிறது என்பது அடுத்த முறையீடு. இதற்குப் பெரும்பாலும் மருந்து ஒரு பஞ்சுக்குச்சியில் இருக்கிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியை விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும் நாடாவில் பதிந்தால், நாடாவில் அதன் அலைநீளம் 4.76 மைக்ரோமீட்டர். காந்தத் தலைக்கும் நாடாவுக்கும் இடையே அழுக்குப் படிந்து இடைவெளி உண்டானால் ஏற்படும் இழப்பை 1951இல் பெல் ஆய்வகத்தின் வாலஸ் கணக்கிட்டுக் காட்டினார்: இடைவெளியை அலைநீளத்தால் வகுத்து 54.6ஆல் பெருக்கினால், இழப்பு டெசிபெல்லில் கிடைக்கும். ஒரே ஒரு மைக்ரோமீட்டர் அழுக்கை எடுத்துக்கொள்வோம். 10,000 ஹெர்ட்ஸில் இழப்பு 11 டெசிபெல்லுக்கு மேல்; ஒலியின் வீச்சு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும். 500 ஹெர்ட்ஸில் அலைநீளம் 95 மைக்ரோமீட்டர் ஆகையால், இழப்பு அரை டெசிபெல்லைச் சற்றே கடக்கும். பாடுபவரின் குரல் கேட்கிறது, ஆனால் சகர ஒலியும் சலங்கையும் சாலரத்தின் கூர்மையும் போய்விட்டன என்று நாம் உணர்வதன் கணக்கு இதுவே. கண்ணுக்குத் தெரியாத படிவு போதும். நாடாவிலிருந்து உதிரும் பழுப்பு நிறப் பொடி காந்தத் தலையிலும் கேப்ஸ்டனிலும் உருளையிலும் படிகிறது. ஆல்ககாலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் தலையையும் தண்டையும் துடைத்து உலரவிட வேண்டும். ரப்பர் உருளைக்கு ஆல்ககால் அடிக்கடி பட்டால் அது வறண்டு இறுகும். மெல்லிய சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியே அதற்குப் போதுமானது.

தூய்மை செய்த பின்னும் மங்கல் நீங்காவிடில், தலையின் சாய்வைப் பார்க்க வேண்டும். பதிந்த கருவியின் தலை எந்தக் கோணத்தில் நின்றதோ, அதே கோணத்தில் படிக்கும் தலையும் நிற்க வேண்டும். மோனோப் பதிவின் தடம் 1.5 மில்லிமீட்டர் அகலமுடையது. ஒரு பாகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தலை சாய்ந்தாலே, தடத்தின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் 10,000 ஹெர்ட்ஸ் அலையின் முழு நீளம் ஒன்றால் விலகி, இடைப்பட்ட பகுதிகளின் ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். தலையின் ஒருபக்கம் வில்சுருளோடு நிற்கும் சிறு திருகாணி இச்சாய்வைச் சரிசெய்வதற்கானது. அதனைத் திருகுமுன் அதன் நிலையைக் குறித்துக்கொண்டு, ஒலி மிகத் தெளிவாகும் இடம்வரை மெல்ல நகர்த்த வேண்டும். வீட்டில் பதிந்த பழைய நாடாக்கள் வெவ்வேறு கருவிகளில் பதியப்பட்டவை ஆதலின், ஒவ்வொன்றுக்கும் இச்சாய்வு வேறாகவே இருக்கும்.

நாடா எத்தனை காலம் வாழும்? காந்தப் பதிவு நாம் அஞ்சும் அளவுக்கு நிலையற்றதன்று. 1936 நவம்பரில் ஜெர்மனியின் லுட்விக்சாஃபன் நகரில், தாமஸ் பீச்சம் தலைமையில் லண்டன் இசைக்குழு நிகழ்த்திய கச்சேரியை அன்று புதிதாக வந்த காந்தநாடாவில் பதிந்தனர். அப்பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. இரும்பு ஆக்சைடுத் துகள்கள் தம் காந்தத்தை எளிதில் விடுவதில்லை. நலிவது அத்துகள்களை நெகிழிப் படலத்தோடு ஒட்டி நிற்கும் பிணைப்பி. 1970களிலும் 80களிலும் ஒலிக்கூடங்களில் பயன்பட்ட சில சுருள்நாடாக்களின் பாலியூரித்தேன் பிணைப்பி காற்றின் ஈரத்தை உண்டு நீராற்பகுப்புக்கு உள்ளாகி, பிசுபிசுப்பாகிவிட்டது. ஓடவிட்டால் நாடா கிறீச்சிட்டு, பூச்சோடு உரியும். அவற்றை ஏறத்தாழ 54 பாகை வெப்பத்தில், கட்டுப்பாடான வெப்பப்பெட்டியில், சில மணி நேரம் வைத்து ஈரத்தை ஓட்டினால், சில வாரங்களுக்கு ஓடத்தக்க நிலையை அடைகின்றன. அந்த இடைவேளையில் படியெடுத்துவிட வேண்டும். சமையலறை அடுப்பில் இதனைச் செய்யத் துணிவோர் நாடாவையே இழப்பர். வீட்டுக் கேசட்டுகளில் இந்நோய் அரிது.

கேசட்டுகளின் நோய் வேறு. கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நாடாச் சுருளின் விளிம்பில் வெண்பூஞ்சை படர்கிறது. பூஞ்சை பிடித்த நாடாவை ஓடவிட்டால் அதன் நுண்வித்துகள் காந்தத் தலை வழியே அடுத்த நாடாவுக்கும் பரவும். மூக்கை மூடிக்கொண்டு, திறந்த வெளியில் மென்தூரிகையால் துடைத்து, முழுதும் உலர்த்திய பின்னரே அதைக் கருவிக்குள் இட வேண்டும். நாடாவைத் தலையோடு அழுத்தும் சிறு கம்பளி மெத்தை, பசை காய்ந்து உதிர்ந்திருப்பதும் மிகப் பொதுவான குறை. ஒலி வந்து வந்து மறையும். திருகாணிகளால் மூடிய கேசட்டாயின் திறந்து, வேறொரு பயனற்ற கேசட்டின் கூட்டுக்குள் நாடாவை மாற்றிவிடலாம். ஒரு மணி நேரப் பொறுமையில் ஒரு குரல் மீண்டுவிடும். 120 நிமிட நாடாக்களில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அவற்றின் தடிமன் 9 மைக்ரோமீட்டர் அளவே; விரைவுச் சுற்றலில் எளிதாக நீண்டும் மடிந்தும் போகின்றன.

வீடியோக் கருவியில் இவ்வனைத்தும் இன்னும் கூர்மையடைகின்றன. 1976இல் ஜேவிசி வெளியிட்ட வி.எச்.எஸ். முறையில், 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையொன்று, நம் நாட்டு ஒளிபரப்பு முறைக்கேற்ப, விநாடிக்கு 25 முறை சுழல்கிறது. நாடா விநாடிக்கு 2.34 சென்டிமீட்டர் மட்டுமே நகர, உருளையில் பதித்த காந்தத் தலைகள் அதன்மேல் விநாடிக்கு ஏறத்தாழ 4.8 மீட்டர் வேகத்தில் சாய்வாகக் கோடிட்டுச் செல்கின்றன. ஒரு கோட்டின் அகலம் 49 மைக்ரோமீட்டர். இத்தலைகளைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தல் கூடவே கூடாது. நாரில் சிக்கி நுனி முறிந்துவிடும். ஆல்ககாலில் நனைத்த மென்தோலையோ நார் உதிராத தாளையோ உருளையின்மேல் அசையாமல் வைத்துக்கொண்டு, உருளையைக் கையால் மெல்லச் சுழற்ற வேண்டும். மேலும் கீழுமாக ஒரு தேய்ப்புக்கூட ஆகாது. நிறுத்திவைத்த நிலையிலும் உள்ளே மின்வழங்கி நாள் முழுதும் இளஞ்சூட்டில் இருப்பதால், இக்கருவிகளில் முதலில் கெடுவது பெரும்பாலும் அப்பகுதியின் மின்தேக்கிகளே. பயன்படுத்தாதபோது சுவர்ச் சொடுக்கியை அணைத்துவிடுவது அவற்றின் ஆயுளை நீட்டும்.

பற்றாசைப் பற்றிச் சிறிது. பழைய கருவிகளின் இணைப்புகள் வெள்ளீயமும் காரீயமும் 63க்கு 37 என்ற விகிதத்தில் கலந்த, 183 பாகையில் உருகும் கலவையால் ஆனவை. சூடேறும்போது உறுப்பின் காலும் பலகையும் வெவ்வேறு அளவில் விரிகின்றன. ஆயிரக்கணக்கான முறை சூடாகிக் குளிர்ந்தபின், காலைச் சுற்றி வட்டமாக ஒரு கீறல் விழுகிறது. தட்டினால் பாடும், விட்டால் நின்றுவிடும் கருவிகளின் பிணி இது. உருப்பெருக்கி ஆடியால் பார்த்து, பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதியதை இட்டால் தீர்ந்தது.

ஒலிபெருக்கியில் கெடுவது விளிம்பின் நுரைப்பஞ்சு; இருபது ஆண்டுகளுக்குள் விரல்பட்டாலே பொடியாகிவிடும். காந்தமும் சுருளும் தாள்கூம்பும் நலமாயிருந்தால் விளிம்பை மட்டும் மாற்றி ஒட்டிவிடலாம். குறுந்தகட்டுக் கருவியிலோ, பழுதென்று ஒதுக்கப்படுபவற்றில் பல, 780 நானோமீட்டர் சீரொளியைக் குவிக்கும் ஆடியில் தூசி படிந்தவையும், அது நகரும் தடத்தில் கிரீஸ் இறுகியவையுமே. சீரொளி இருமுனையம் மெய்யாகவே தேய்ந்திருந்தால் மாற்றுறுப்புத் தேட வேண்டிவரும்.

மாற்றுறுப்புக்குத்தான் இன்று பஞ்சம். உலகின் கடைசி வீடியோக் கருவி உற்பத்தியாளராக இருந்த ஜப்பானின் ஃபூனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. காந்தத் தலைகளும் தனிச்சிறப்பான தொகுப்புச் சுற்றுகளும் இனிப் புதிதாக வரப்போவதில்லை. பட்டை, மின்தேக்கி, உருளை முதலியன சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் தேடினால் கிடைக்கும். ஏனையவற்றுக்கு மற்றொரு பழைய கருவியே மூலம். எனவே முற்றும் கெட்ட கருவியையும் எறிந்துவிடாமல் உறுப்புகளுக்காகக் காத்து வைப்பது அறிவுடைமை. பழைய வானொலிகளின் பின்மூடியின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும் சுற்றுப்படத்தைக் கிழிக்காமல் படமெடுத்து வைத்தலும் அத்தகையதே. யுனெஸ்கோவும் பன்னாட்டு ஒலி, ஒளி ஆவணக் காப்பகக் கழகமும் 2019இல் விடுத்த காந்தநாடா எச்சரிக்கையின் சாரமும் இதுதான்: 2025ஐ ஒட்டிப் படிக்கும் கருவிகளும், அவற்றைப் பேணத் தெரிந்த கைகளும் அருகிவிடும், நாடா இருந்தும் கேட்க வழியிராது. அக்கைகளுள் பல நம் ஊர்களின் சிறு கடைகளில் இன்றும் உழைக்கின்றன. அவர்களிடம் இளைஞர் சிலரேனும் சென்று கற்க வேண்டும் என்று நான் உளமார விழைகிறேன்.

செப்பனிட்ட கருவியில் முதலில் ஓட வேண்டியது படியெடுக்க விரும்பும் அருமையான நாடா அன்று. இழந்தாலும் கவலையில்லாத ஒரு நாடா. அது சுருளாமல், கிழியாமல், சீராக ஓடிய பின்னரே, பாட்டியின் குரலும் திருமண நாளின் நாகசுரமும் உள்ள நாடாவை இட வேண்டும். முதலில் அதனை முழுதும் ஒருமுறை முன்னோக்கியும் பின்னோக்கியும் சுற்றினால், ஒட்டிக்கொண்ட அடுக்குகள் விடுபட்டு இழுவிசை சீராகும். பின் தலையின் சாய்வை அந்நாடாவுக்கேற்பத் திருத்தி, ஆவணக் காப்பகத்தார் வகுத்த அளவின்படி, குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் துல்லியத்தில் பதிய வேண்டும். இரைச்சலை நீக்கும் வேலையைப் படியெடுக்கும்போது செய்யலாகாது. அதனைப் பின்னர், மற்றொரு படியில் செய்துகொள்ளலாம். மூல நாடாவையும் காக்க வேண்டும்.

வேகத்தைச் சரிபார்ப்பதில் ஒரு நுட்பம் உண்டு. மின்னிணைப்பில் இயங்கிய கருவியில் பதிந்த நாடாக்களில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் மெல்லியதாகக் கலந்திருக்கும். மேனாட்டார் அதனை அளந்து வேகத்தைத் திருத்துகின்றனர். 1980களிலும் 90களிலும் நம் மின்கட்டமைப்பின் அதிர்வெண் 50இல் நிலைத்து நின்றதில்லை ஆதலின், நமக்கு அவ்வளவுகோல் முழுதும் நம்பத்தக்கதன்று. பதிவில் ஒலிக்கும் ஆர்மோனியம் அவ்வீட்டிலேயே இன்றும் இருக்குமாயின், அதன் அதே கட்டையை இன்று ஒலித்து அளந்து ஒப்பிடலாம்; பித்தளை நாக்குகளின் சுருதி ஆண்டுகள் பலவற்றிலும் சிறிதே மாறும். பதிவு 2 விழுக்காடு தாழ்ந்து ஒலித்தால், அவ்வளவு உயர்த்திய படியொன்றைத் தனியே எடுத்து, எந்த அளவு, எதனோடு ஒப்பிட்டுத் திருத்தப்பட்டது என்பதைக் கோப்பின் பெயரோடு எழுதி வைக்க வேண்டும்.